இடது பக்கத்து ஐம்பத்திரண்டு நட்டுகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருபத்தாறு வருடமாக என் கையில்தான் ஓடுகிறது. லிஃப்ட் நின்றால் கொம்பனிக்காரன் வந்து சேருவதற்குள் நான் ஓடவைத்துவிடுவேன். தண்ணீர் மோட்டாரின் சத்தத்தைப் படியில் நின்று கேட்டே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லுவேன். வந்த புதிதில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீனோத் தோடம்பழம் பிடுங்கினேன். அங்கேயும் ஒரு மாதத்துக்குள் தோட்டக்காரரின் மருந்தடிக்கிற மெசினுக்கு நான்தான் டொக்டர். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

மகளும் நானும் கார் கட்டிய கதையைக் கோயிலில் கேட்கிறவர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இங்கே கூட்டாமல் எழுதுகிறேன்.

நாலாம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா ஒருவர், இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய கணவர் வழக்கறிஞர், செத்துப் பல வருடமாகிவிட்டது. கட்டடத்தின் கீழே அவர்களுக்கு ஒரு கராஜ் இருந்தது. அதற்குள் ஆறு மரப்பெட்டிகளும், பக்கத்தில் ரயர் இறங்கிய ஒரு பழைய இங்கிலாந்துச் சின்னக் காரும் தூசி பிடித்துக் கிடந்தன. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சில கொம்பனிகள் காரைக் கட்டி விற்காமல் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றார்களாம். இரும்புச் சட்டம், பைபர் உடம்பு, பை பையாக நட்டும் போல்ட்டும், ஒரு தடித்த புத்தகம். எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்து வீட்டிலேயே நீங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் கலியாணம் முடித்த வருடம் பெட்டிகளையும் அதற்கான பழைய காரையும் சேர்த்து வாங்கினாராம். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாராம். அவ்வளவுதான்.

போன வருடம் சிஞ்ஞோரா அந்தக் கராஜை ஏழாம் மாடிப் பல் வைத்தியருக்கு விற்கப் பேசி முடித்தார். பெட்டிகளைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்க என்னைத் தூக்கச் சொன்னார். நான் முதல் பெட்டியில் கைவைத்த நேரம் மகள் வீட்டுத் திறப்பு வாங்கக் கீழே வந்தாள். தொழில்நுட்பப் பள்ளியில் கடைசி வருடம் தொடங்க இருந்தவள். பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை எடுத்தாள். படியில் குந்தினாள். நான் மூன்று பெட்டி தூக்கி முடித்தும் அவள் எழும்பவில்லை.

"அப்பா, கீழை வையுங்கோ. இதிலை ஒரு சாமானும் குறையேல்லை. முழுக்காரும் கிடக்கு."

"காரோ? உது அவியாத கறி, பிள்ளை."

"அப்ப அவிப்பம்."

சிஞ்ஞோராவிடம் அவளே மேலே போய்க் கதைத்தாள். என்ன கதைத்தாளோ தெரியாது. கிழவி என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் செப்டெம்பர் கடைசிவரை கராஜ் உங்களுக்கு, அதற்குப் பிறகு காராக வெளியே போகட்டும் அல்லது இரும்பாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். பல் வைத்தியரும் அதுவரை பொறுப்பதாக ஒத்துக்கொண்டார். எங்களுக்குப் பதினாலு மாதம் கிடைத்தது.

மகளின் திட்டம் சாதாரணமானதில்லை. அவளுக்கு வட இத்தாலியில், தூரினில் கார் எஞ்சினியரிங் படிக்கவேண்டும். தான் கட்டிய காரைப் பலெர்மோத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி, ஜெனோவாவில் இறக்கி, அங்கிருந்து ஆட்டோஸ்திராதா என்கிற விரைவுச் சாலையால் தானே ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்கவேண்டும். மனைவி கேட்டுவிட்டுக் கரண்டியை மேசையில் வைத்தா.

"ஊரிலை எல்லாப் பிள்ளையளும் பிளேனிலை போகுதுகள். இவ பெட்டிக்கார்லை போறாவாம்."

"ஆர் கட்டுற கார் எண்டு பாரும்," என்றேன் நான்.

"அதுதான் பயம்," என்றா அவ.

இப்போது மகள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும். நான் மூன்று இடங்களில் வேலை செய்தவன். எத்தனையோ மெக்கானிக்மாரைப் பார்த்திருக்கிறேன். இவளைப் போல் ஒருவரையும் கண்டதில்லை. வேலை தொடங்குமுன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிப்பாள். இங்கிலீசில் வாசித்து, இத்தாலியனில் முணுமுணுத்து, எனக்குத் தமிழில் சொல்லுவாள். சாமான்களை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவாள். அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடுகிற ஒரு நீள ஸ்பானர் வாங்கி வைத்திருந்தாள். அந்த டிக் கேட்டால்தான் அடுத்த நட்டு. கேட்டதும் அதன்மேல் மஞ்சள் பெயின்ரால் ஒரு கோடு. கை வெட்டினாலும் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் பிளாஸ்டர் தேடுவாள்.

நானும் சும்மா நிற்கவில்லை. அந்தக் கார் முழுக்க அங்குலக் கணக்கு. இத்தாலியில் எல்லாம் மில்லிமீற்றர். ஒரு போல்ட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்து இது அங்குலத்தில் என்ன அளவு என்று சொல்ல இந்தப் பலெர்மோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவர். பிரேக் குழாய் வளைக்கிற அன்று மகள் கடதாசியில் கோணம் கீறிக்கொண்டிருந்தாள். நான் குழாயை எடுத்து, சட்டத்தை ஒருமுறை பார்த்து, முழங்காலில் வைத்து மூன்று வளைவு வளைத்துக் கொடுத்தேன். கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு நின்றது. அளவு கோலையும் வைத்துப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பிடியப்பா?"

"எட்டாம் வகுப்பு," என்றேன்.

அந்த ஒரு பார்வைக்காக இன்னும் பத்துக் கார் வளைப்பேன்.

இந்த வகைக் காரில் முதலில் எல்லாவற்றையும் பெயின்ர் அடிக்காமல் பூட்டிப் பார்க்கவேண்டும். சரியென்றால் திரும்பக் கழற்றி, சட்டத்துக்குப் பெயின்ர் அடித்து, கடைசித் தரம் பூட்டவேண்டும். சில்லைப் பிடிக்கிற கைகள், ஸ்டியரிங், பெடல் இவற்றுக்கெல்லாம் ஒரு தனி வகை நட்டு. உள்ளே நீலமாக ஒரு நைலோன் வளையம் இருக்கும். அது போல்ட்டை இறுக்கிப் பிடித்து, அதிர்ந்தாலும் கழராமல் வைத்துக்கொள்ளும். அதற்காகவே இரண்டு பை வந்திருந்தது. முதல் பை பூட்டிப் பார்க்க. இரண்டாம் பை கடைசிப் பூட்டுக்கு.

கடைசிப் பூட்டு நேரம் மகளுக்குப் பள்ளி இறுதிச் சோதனை. வலது பக்கம் அவள் முடித்துவிட்டாள். இடது பக்கம் என்னிடம் வந்தது.

"இரண்டாம் பையிலை இருக்கிற நட்டைப் போடுங்கோ அப்பா. டிக் கேட்டாப் பிறகு மஞ்சள் கோடு."

"ஓம் ஓம். நீ போய்ப் படி."

டிக் கேட்கும்வரை இறுக்கினேன். மஞ்சள் கோடும் போட்டேன். நட்டு விசயத்தில் மட்டும் என் புத்தி என் வழியில் போனது. அதை விளங்கப்படுத்த வேண்டும். யுத்த காலத்தில் வன்னியில் எனக்கு வாகனம் திருத்துகிற கராஜ் ஒன்று இருந்தது. பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, ஸ்பெயார் சாமான் என்கிற பேச்சே இல்லை. ஒரு மூடி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். ஒரு நட்டு ஆறு காருக்குப் போகும். புது நட்டு ஒன்று கைக்கு வந்தால் அதைப் பூட்டமாட்டோம். பழசைக் கழுவிப் போட்டுவிட்டு, புதுசை ஒளித்து வைப்போம். நாளைக்கு என்ன வரும் என்று ஆருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் இருந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். இன்றைக்கும் எங்கள் சனங்களின் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள், பாவிக்காத புதுச் சாமான் எல்லாம் அடியில் கிடக்கும்.

அதுவும் இது அங்குல நட்டு. பலெர்மோவில் எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே முதல் பையின் நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, புதுசு வெட்கப்படுகிற மாதிரி மினுக்கி இடது பக்கம் பூட்டினேன். பல இடத்துக்குப் பழசு அகப்படவில்லை. அங்கே மட்டும் புதுசு போட்டேன். மிச்சத்தை ஒரு தக்காளி சோஸ் போத்தலில் போட்டு மூடி வைத்தேன். மகளுக்குச் சொல்லவில்லை. அவள் தூரினுக்குப் போகிற நேரம் கையில் கொடுக்க இருந்தேன்.

செப்டெம்பர் கடைசிக் கிழமை வந்தது. கார் முடிந்து நின்றது. கடும்பச்சை. கதவில்லை, கூரையில்லை, முன்னுக்கு நீள மூக்கு. எஞ்சின் முதல் தரம் பிடித்த அன்று கட்டடத்தில் எல்லா யன்னலும் திறந்தது. வியாழன் காலை பத்து மணிக்குப் பரிசோதனை. அதற்கென்று அத்தாட்சி பெற்ற ஒரு எஞ்சினியர், இங்கே பெரித்தோ என்பார்கள், அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் கார் தெருவில் இறங்கலாம். சனிக்கிழமை கப்பல். அதற்கு அடுத்த நாள் கராஜ் பல் வைத்தியருக்குக் கைமாறும்.

செவ்வாய் காலை மகள் காருக்குள் இருந்து புத்தகத்தின் கடைசிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனேன்.

"பிள்ளை, கண்ணை மூடு."

"என்னப்பா?"

"மூடெண்டா மூடன்."

மடியில் வைத்தேன்.

"முப்பத்தொண்டு! எண்ணிப் பார். ஒண்டும் பாவிக்காதது. தூரினிலை ஒரு நட்டுக் கழண்டா உந்த அங்குலச் சாமானுக்கு ஆரிட்டைப் போய் நிப்பாய்? கொப்பர் அப்பவே யோசிச்சு வைச்சிட்டார்."

அவள் சிரிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே இருந்த நீல வளையங்களைப் பார்த்தாள்.

"இது ரெண்டாம் பையிலை வந்தது."

"ஓம்."

"அப்ப கார்லை என்ன இருக்கு?"

"முதல் பூட்டினதுதான். வடிவாக் கழுவிப் போட்டனான்."

அவள் காலைத் தூக்கி வெளியே வைத்து மெதுவாக இறங்கினாள். இடது முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். பிறகு எந்தெந்த இடம் என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். எதற்குப் பழசு, எதற்குப் புதுசு என்று கேட்டாள். நானும் குந்திப் பார்த்தேன். எல்லாம் ஒரே மினுக்கம். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு.

அவள் விரல் வைத்து எண்ணினாள். கோபம் வந்தால் அவள் எண்ணுவது இத்தாலியனில்.

"இடது பக்கம் ஐம்பத்திரெண்டு. அதிலை முப்பத்தொண்டு பழசு. எது எண்டு தெரியாது. எல்லாம் கழட்டோணும்."

"விசரே உனக்கு? நாளையிண்டைக்குப் பரிசோதனை. அந்த மனுசன் நட்டுக்குள்ளை தலையை விட்டே பாக்கப்போறான்?"

"அவர் பாக்கமாட்டார். ஜெனோவாவிலை இருந்து தூரினுக்கு இதிலை வரவும் மாட்டார். நான்தான் போறன்."

"வன்னியிலை ஒரு நட்டை ஆறு தரம் போட்டிருக்கிறம், பிள்ளை. ஒரு கார் விழேல்லை."

"என்ன வேகத்திலை ஓடினது?"

"அந்த றோட்டிலை... இருபது வரும்."

"நான் நூற்றிப்பத்திலை போகோணும், அப்பா."

அதோடு நிற்கவில்லை. ஒரு நட்டைக் கழற்றினாள். வேறொரு சும்மா போல்ட்டை என் கையில் தந்தாள். "உங்கட விரலாலையே பாருங்கோ," என்றாள். போத்தலில் இருந்த புதுசைச் சுற்றினேன். வளையம் வந்த இடத்தில் நின்றுவிட்டது. ஸ்பானர் இல்லாமல் அசையாது. கழற்றிய பழசைச் சுற்றினேன். அது என் விரலோடு சுழன்று, வளையத்தையும் தாண்டி அடிவரை ஓடிப்போய் நின்றது. நான் திரும்பவும் செய்து பார்த்தேன். திரும்பவும் ஓடியது. புத்தகத்தை நான் நம்பாமல் விடுவேன். என் பெருவிரலை எப்படி நம்பாமல் விடுவது?

ஆனாலும் கோபம். பதினாலு மாதம் நான் பட்ட பாட்டை ஒரு போத்தல் தின்றுவிட்டது என்கிற கோபம். மேலே வீட்டுக்குப் போனேன். மனைவிக்குச் சொன்னேன். அவவுக்கு என்மேல் பரிதாபம் வரும் என்று நினைத்தது என் பிழை.

"என்ர மிக்சிக்கும் பழைய வாஷரைத்தானே மூண்டு தரம் போட்டனீங்கள்? சட்னி சுவரெல்லாம் பறந்தது ஞாபகம் இருக்கே?"

"அது வேறை."

"ஓம், வேறைதான். அதிலை என்ர பிள்ளை இருக்கேல்லை."

தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே இறங்கினேன். மகள் காரின் இடது பக்கத்தை ஜக்கில் தூக்கி, பதினொரு நட்டுக் கழற்றியிருந்தாள். ஒவ்வொன்றையும் ஒரு கடதாசியில், எந்த இடம் என்று எழுதி, அதன்மேல் வைத்திருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வேலை மட்டும்தான் இருந்தது. அந்த வயதில் எனக்கு இப்படி ஒரு குழப்பம் வந்திருந்தால் நான் ஸ்பானரை எறிந்திருப்பேன். எறிந்தும் இருக்கிறேன்.

"அடிப்பக்கம் நான் கழட்டுறன்," என்று படுத்தேன்.

"கழட்டுங்கோ. பூட்டுறது நான்."

அது சுட்டது. வாயை மூடிக்கொண்டு கழற்றினேன்.

ஐம்பத்திரண்டும் பின்னேரத்துக்குள் வெளியே வந்தன. அதற்குள் நான் போட்ட புதுசும் இருந்தது, ஆனால் ஒருக்கால் பூட்டிக் கழற்றினால் அதுவும் பழசுதான். போத்தலில் முப்பத்தொன்று. இருபத்தொன்று குறைந்தது. மகள் நகரத்தில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தாள். எல்லாரும் மில்லிமீற்றர் என்றார்கள். இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் குறைந்தது இரண்டு கிழமை. பெரித்தோவிடம் அடுத்த தேதி ஒக்டோபர் நடுவில்தான் இருந்தது. அப்போது கராஜ் இருக்காது, அவளும் இங்கே இருக்கமாட்டாள். கடைசி ரெலிபோனை வைத்துவிட்டு வெறும் மரப்பெட்டியில் இருந்தாள்.

"இரும்புக்காரனுக்குச் சொல்லத்தான் வேணும்போலை," என்றாள். அழவில்லை. சும்மா சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எனக்கு ஒரு இடம் தெரியும். தெரியும் என்பதை நான் அதுவரை வாய் திறந்து சொல்லாததற்குக் காரணமும் இருந்தது. போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால், துறைமுகத்துப் பக்கமாக, ஒரு சிசிலியன் கிழவன் படகு எஞ்சின் திருத்துகிறான். இங்கிலாந்துப் படகுகளும் அவனிடம் வரும். ஆகவே அவனிடம் அங்குலச் சாமான் இருக்கும். ஆனால் பதினாலு மாதமாக மீன் வாங்கப் போகிற நேரமெல்லாம் நான் அவனுக்கு முன்னால் நின்று அளந்திருக்கிறேன். தனி ஒருவனாகக் கார் கட்டுகிறேன், உன்னால் முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நாடு விட்டு வந்த நாளில் இருந்து நான் மெக்கானிக் ஒருவனிடமும் உதவி கேட்டதில்லை. என்னிடம்தான் கேட்பார்கள்.

புதன் காலை அவன் கதவு திறக்குமுன் போய் நின்றேன்.

"கும்பா!" என்றான். கூட்டாளி என்று அர்த்தம், அவனுக்கு எல்லாரும் கும்பா. "உன் விளையாட்டுக் கார் இன்னும் கராஜுக்குள்ளேதானா?"

"நட்டு வேணும். அங்குலம். நைலோன் வளையம் உள்ளது. இருபத்தொன்று."

"கொம்பனி தரவில்லையா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. ஆனால் பொய் சொல்லி வாங்கிய நட்டை மகளின் கையில் எப்படிக் கொடுப்பது என்று ஒரு யோசனை வந்தது. முழுவதையும் சொன்னேன். போத்தல், மண்ணெண்ணெய், மடியில் வைத்தது, எல்லாம். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து மீன்கடைக்காரனையும் கூப்பிட்டு இன்னொரு தரம் என்னைச் சொல்லவைத்தான். நான் சொன்னேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ஐம்பத்திரண்டையும் கழற்றினது ஆர்?"

"மகள்."

"நீ சொல்லியா?"

"நான் வேண்டாம் என்று சொல்லியும்."

கிழவன் உள்ளே போனான். தகர டப்பா, பிஸ்கட் டப்பா, நெத்தலிமீன் டப்பா என்று கொண்டுவந்து கொட்டினான். இரண்டு பேரும் குந்திப் பொறுக்கினோம். அவன் கண்ணாடி போட்டு அளவு பார்த்தான். நான் பெருவிரலால் பார்த்தேன். இருபத்தொன்று சேர்ந்தது. விலை கேட்டேன். "அந்தப் பெண் ஒருநாள் இந்தப் பக்கம் காரோடு வரட்டும்," என்றான். அவனுக்கு முன்னால் நான் அளந்ததையெல்லாம் அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன், மனதுக்குள்.

மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெள்ளைத் துணியில் இருபத்தொன்றையும் பரப்பி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டைத் தனியே தள்ளி வைத்தாள்.

"இந்த ரெண்டிலையும் வளையம் மஞ்சளாப் போச்சு. பழுதாப் போயிருக்கும்."

"அந்தாள் டப்பா டப்பாவாக் கொட்டித் தேடினவர், பிள்ளை."

"நல்ல மனுசன். எண்டாலும் ரெண்டும் வேண்டாம்."

இடது பின்பக்கம் மாற்றுச் சில்லைத் தாங்குகிற சட்டம் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு நட்டு. அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அந்தச் சட்டம் இல்லாமலும் கார் ஓடலாம் என்று உறுதிப்படுத்திக்கொண்டு அதை வெளியே எடுத்தாள். மாற்றுச் சில்லை இருக்கைக்குப் பின்னால் வார் போட்டுக் கட்டினாள். மிச்சம் ஐம்பதையும் புதன் பின்னேரத்துக்குள் பூட்டினாள். நான் நட்டு எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தில் விரல் வைத்து வரியைக் காட்டிக்கொண்டிருந்தேன், இங்கிலீஸ் தெரியாமலே. டிக். கோடு. டிக். கோடு. இந்தத் தரம் கோடு வெள்ளை, முந்தினதோடு குழம்பாமல் இருக்க. ஒன்றைக்கூட அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசி நட்டுக்கும் முதல் நட்டுக்குக் காட்டிய அதே பொறுமை. இந்தக் கையை நான் பெற்றேன் என்று நினைத்துக்கொண்டே ஸ்பானர்களைத் துடைத்து வைத்தேன்.

வியாழன் காலை காரை ஒரு லொறியில் ஏற்றிப் பெரித்தோவின் இடத்துக்குக் கொண்டுபோனோம். ஐம்பது வயது மனுசன். கதை குறைவு. காரைத் தரையில் வெட்டிய கிடங்குக் குழியின்மேல் ஏற்றி, கீழே இறங்கி, லைட் பிடித்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். சில்லை மேலும் கீழும் உலுக்கினார். பிரேக்கை மெசினில் வைத்து மிதிக்கச் சொன்னார். நான் வாசலில் நின்று கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே இருந்தால் அவை தாமாகவே எதையாவது காட்டி விளக்கத் தொடங்கிவிடும்.

கீழே இருந்து அவருடைய குரல் வந்தது.

"வலது பக்கம் மஞ்சள் கோடு. இடது பக்கம் வெள்ளைக் கோடு. ஏன்?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் பதில் சொன்னாள்.

"இடது பக்கம் இரண்டு தரம் பூட்டினது. முதல் தரம் போட்டது பாவிச்ச நட்டு. கண்டுபிடிச்சுக் கழற்றினோம்."

"எப்போது?"

"செவ்வாய்க்கிழமை."

பெரித்தோ கிடங்கிலிருந்து தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எந்தக் கை எதைப் போட்டது என்று அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கவேண்டும். திரும்பக் கீழே போய் இன்னும் கால் மணித்தியாலம் இடது பக்கத்தையே பார்த்தார். ஒவ்வொரு வெள்ளைக் கோடாக. அந்தக் கால் மணித்தியாலத்தை நான் என் வாழ்க்கையில் மறக்கமாட்டேன். மேலே வந்து, கையைத் துடைத்து, மேசையில் இருந்து கையெழுத்து வைத்தார். கடதாசியை என்னிடம் நீட்டவில்லை, மகளிடம் நீட்டினார். நீட்டும்போது எழும்பி நின்று நீட்டினார். நான் அதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு லொறி தேவைப்படவில்லை. மகள் ஓட்டினாள். நான் பக்கத்தில். புறப்படுமுன் அம்மாவுக்கு ரெலிபோனில் "பாஸ்" என்று ஒரு சொல் சொன்னாள். மற்றப் பக்கத்தில் அவ அழுதது எஞ்சின் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. பொலிதேயாமாவில் சிவப்பு விளக்கில் நின்றோம். கூரையில்லாத கார். கடைக்குள் இருந்த சனம் வெளியே வந்து பார்த்தது. பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு தம்பி நின்றான். என்னைக் கண்டதும் கையைத் தூக்கிக் கத்தினான்.

"அண்ணை! ஆற்ற கார்? நீங்களே கட்டினது?"

பதினாலு மாதமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார்பண்ணி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டுகிற அளவுக்கு நீளமான பதில்.

"மகளின்ர," என்றேன். "அவதான் கட்டினவ. இடது பக்கம் கொஞ்சம் நானும்."

அது உண்மையில்லை. இடது பக்கமும் கடைசியில் அவள் கை போட்டதுதான். திருத்திச் சொல்ல நான் வாயெடுக்க, மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கியரைப் போட்டாள். விளக்குப் பச்சையாகியிருந்தது.